பிழை வரி

கொட்டாஞ்சேனையிலிருந்து ஜம்பட்டா வீதி வழியாக இறங்கிச் செட்டியார் தெருவை அடைந்தால், ஒரு குன்றிமணி எடையையும் தவறவிடாத தராசுகள் காற்றுப் படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்து புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போனாலோ, வெங்காய மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஏறி இறங்குகின்ற தராசுகளைக் காணலாம். இரண்டும் நேர்மையான தராசுகளே. ஆனால் மூக்குத்தி ஒன்றை மூட்டைத் தராசில் வைத்தால் முள் அசையாது. மூட்டையிலிருந்து உதிர்ந்த தூசியை நகைத் தராசில் இட்டாலோ முள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடும். ஆகவே, ஒரு வேற்றுமை பெரிதா சிறிதா என்ற கேள்விக்கு, அது எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது, அந்தத் தராசு வெறுமையாய் இருக்கும்போதே எவ்வளவு நடுங்கும் என்ற இரண்டையும் அறியாமல் விடை சொல்லுதல் இயலாது. சூழலியற் கள ஆய்வுகளின் முடிவுகளைத் தாங்கி வருகின்ற ‘மாறற்றிறன் பகுப்பாய்வு’ என்னும் அட்டவணையை எவ்விதம் படிப்பது என்பது பற்றி நான் இங்கே சொல்ல எண்ணியதெல்லாம் ஏறக்குறைய இந்தத் தராசு விஷயமேயாகும்.

அளவீடுகள் தம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை, விலகல்களை வர்க்கித்துச் சராசரி கண்டு சொல்லும் தொகைக்கே மாறற்றிறன் என்று பெயர். ஒரு களத்தில் எடுத்த அளவீடுகளின் சிதறல் முழுவதையும் ஒரு குடும்பச் சொத்தாகப் பாவித்து, அதில் ஆராய்ச்சியாளன் வேண்டுமென்று செய்த மாற்றத்தால், அதாவது பரிகரிப்பால், வந்த பங்கு எவ்வளவு, காரணம் சொல்ல முடியாமல் எஞ்சி நிற்கும் பங்கு எவ்வளவு என்று பாகப்பிரிவினை செய்வதே இப்பகுப்பாய்வின் காரியம். எஞ்சி நிற்கும் பங்குக்குப் பிழை என்று பெயரிட்டார்கள். இப்பெயர் வாசகரை மயக்குவது. யாரும் தவறு செய்தார் என்பது இதன் பொருளன்று. ஒரே வகையாக நடத்தப்பட்ட இரு நிலத்துண்டங்கள் இயல்பாகவே ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்கும் அளவே பிழை. பரிகரிப்புப் பங்கின் சராசரியைப் பிழைப் பங்கின் சராசரியால் வகுத்து வரும் விகிதத்துக்கு, ஜோர்ஜ் ஸ்னெடெகர் 1934இல் இம்முறையின் பிதாவாகிய பிஷரைக் கௌரவித்து ‘எஃப்’ என்னும் எழுத்தைச் சூட்டினார். அட்டவணையின் கடைசி நிரலில் ஒரு நிகழ்தகவு வரும். அது மிகச் சிறிதாயின் அதன் தலைமேல் நட்சத்திரங்களும் முளைக்கும். மாணவர் அனேகர் நேராக அந்த நட்சத்திரங்களிடம் ஓடி விடுகின்றனர். அட்டவணையின் உயிர் தங்கியிருப்பதோ, நட்சத்திரம் ஒன்றும் பூக்காத அந்தப் பிழை வரியில்.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை என்பதற்கு இம்முறையின் பிறப்பு வரலாறே சாட்சி. மாறற்றிறன் என்னும் கருத்தை 1918ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் பெயரிட்டு வழங்கிய ரொனால்ட் பிஷர், மறு வருடம் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண்மை நிலையத்திற் சேர்ந்து, பல தசாப்தங்களாகக் குவிந்து கிடந்த பயிர்க் கணக்குகளை ஆராயத் தலைப்பட்டார். 1923இல் வினிஃபிரெட் மக்கென்சி என்னும் அம்மையாருடன் சேர்ந்து, 12 உருளைக்கிழங்கு வகைகள் உரத்துக்கு எவ்வாறு ஈடு கொடுக்கின்றன என்பதை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலேதான் பகுப்பாய்வு அட்டவணை முதன்முதலில் அச்சேறியது. அந்த வயலில் கிழங்கு வகைகள் பெரிய துண்டங்களுக்கும், பொட்டாசு உரங்கள் ஒவ்வொரு துண்டத்தின் உள்ளேயிருந்த வரிசைகளுக்கும் இடப்பட்டிருந்தன. துண்டத்துக்குத் துண்டம் உள்ள வேற்றுமை வேறு, ஒரே துண்டத்தினுள் வரிசைக்கு வரிசை உள்ள வேற்றுமை வேறு. ஆகையால் வகைகளை நிறுக்க ஒரு தராசும், உரங்களை நிறுக்க மற்றொரு தராசும் வேண்டியிருந்தன. பிஷரோ இரண்டையும் ஒரே பிழையால் நிறுத்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆராய்ச்சியாளருக்கான புள்ளிவிபர முறைகள் பற்றிய தமது நூலில் அதே கிழங்குக் கணக்கை மீண்டும் எடுத்து, இரண்டு பிழை வரிகளாகப் பிரித்து எழுதினார். ஆக, இம்முறையின் பிதாவே முதல் அட்டவணையில் இடறியது பிழை வரியிலேதான். நம் மாணவர் இடறுவதற்கு வெட்கப்பட வேண்டுவதில்லை. இடறியது தெரியாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போவதற்குத்தான் வருந்த வேண்டும்.

இந்த வித்தை இலங்கைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆகவில்லை. ரோதம்ஸ்டெட்டில் பிஷருடன் சேர்ந்து தானியப் பயிர்களின் உரம் பற்றி 1927இல் கட்டுரை வெளியிட்ட டி. ஈடன் என்பவர், பின்னர் 1925இல் தாபிக்கப்பெற்ற இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தேயிலைக் கள சோதனைகளில் பிழை எவ்வளவு என்பதையே தலைப்பாக எடுத்து அவர் 1931இல் எழுதினார். கோதுமையை விதைத்து அறுத்தால் அந்த வருடத்துக் கதை அந்த வருடத்தோடு முடிகிறது. தேயிலைச் செடியோ பல பத்தாண்டுகள் நின்ற இடத்திலே நிற்பது, கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்குத் தெரிவதுபோல ஒவ்வொரு துண்டத்துக்கும் நிலைத்த சுபாவம் உடையது. இந்த வருடம் நன்றாகக் கொடுத்த துண்டம் அடுத்த வருடமும் நன்றாகவே கொடுக்கும். உரமிட்ட துண்டத்தில் கொழுந்து மிகுந்தால், அது உரத்தின் பலனா, துண்டத்தின் பழைய சுபாவமா? ஈடனுடைய வழி, உரமிடுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டத்தின் விளைச்சலையும் நிறுத்துக் குறித்து வைத்துக்கொள்வதாகும். இவ்விதம் இலங்கையில் 16 தேயிலைத் துண்டங்களில் அடுத்தடுத்த இரு காலப்பகுதிகளில் கிடைத்த கணக்கைப் பிஷர் தம் நூலின் பிற்பதிப்பில் உதாரணமாக எடுத்து, முன் விளைச்சலைக் கொண்டு பின் விளைச்சலைத் திருத்தினால் பிழை வரி எவ்வளவு சுருங்கும் என்று காட்டினார். உலகெங்கும் புள்ளிவிபரவியல் மாணவர்கள் இணைமாறற்றிறன் பகுப்பாய்வை இலங்கைத் தேயிலைக் கொழுந்திலே கற்றார்கள் என்பது, அக்கொழுந்தைக் கிள்ளிய விரல்களுக்கு உரியவர்கள் ஒருநாளும் அறியாத பெருமை.

இனித் தோட்டத்தை விட்டுக் கரைக்கு வருவோம். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரமும் மட்டக்குளியும். களனி கங்கை கடலோடு கலக்கும் அவ்விடத்தைத் தாண்டி இன்னும் வடக்கே போனால் முத்துராஜவெலச் சதுப்பும் நீர்கொழும்புக் களப்பும் சேர்ந்து 6,232 ஹெக்டேயர் பரப்பில் விரிந்து கிடக்கின்றன. களப்பின் கரையோரக் கண்டற் காடுகளில் நகரத்துக் குப்பையும் கரை சேருவதைப் பார்க்கும் ஒரு மாணவி, குப்பை மூடிய சேற்றில் நண்டு வளைகள் குறைகின்றனவா என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் கற்பிக்கும் உதாரணம், எண்களும் கற்பித்தவையே. குப்பையை அப்படியே விடுவது, பாதி அகற்றுவது, முழுவதும் அகற்றுவது என்று மூன்று பரிகரிப்புகள். ஒவ்வொன்றுக்கும் சீட்டுப் போட்டுத் தேர்ந்த 4 துண்டங்கள். ஒவ்வொரு துண்டத்திலும் சதுரச் சட்டத்தை 5 இடங்களில் வைத்து அதனுள் விழும் வளைகளை எண்ணுவது. துண்டங்கள் 12, எண்ணிக்கைகள் 60.

சிதறலைப் பாகம் பிரிக்கும்போது பரிகரிப்புகளுக்கு இடையில் 360, ஒரே பரிகரிப்புப் பெற்ற துண்டங்களுக்கு இடையில் 540, ஒரே துண்டத்தினுள் சட்டத்துக்குச் சட்டம் 576, ஆக மொத்தம் 1,476 என்று வருகிறது என்க. ஒவ்வொரு பங்கையும் அதனதன் சுயாதீனப் படிகளால், அதாவது அப்பங்கில் ஒன்றையொன்று சாராமல் நிற்கக்கூடிய ஒப்பீடுகளின் தொகையால், வகுக்க வேண்டும்: பரிகரிப்புக்கு 2, துண்டங்களுக்கு 9, சட்டங்களுக்கு 48. வகுத்தால் முறையே 180, 60, 12 என்று கிடைக்கின்றன. இப்போது அவசரக்காரர் ஒருவர், 60 எண்ணிக்கைகளும் 60 தனித்தனிச் சாட்சிகள் என்று கருதி, கடைசி இரண்டு பங்குகளையும் ஒன்றாகக் கொட்டி 57 படிகளால் வகுக்கிறார்; பிழை ஏறக்குறைய 19.6 ஆகிறது, விகிதம் 9.2, தற்செயலாக இத்தகைய விகிதம் வருவதற்கான நிகழ்தகவு பத்தாயிரத்தில் மூன்று. நட்சத்திரங்கள் மூன்று! சுற்றாடல் மகாநாட்டில் கைதட்டல்! ஆனால் குப்பையை அகற்றியது துண்டத்திலிருந்தேயன்றிச் சட்டத்திலிருந்தன்று. சீட்டு விழுந்தது துண்டத்துக்கே. ஒரே துண்டத்தில் வைத்த ஐந்து சட்டங்களும் ஒரே சேற்றையும் ஒரே நிழலையும் ஒரே உவர்ப்பையும் பகிர்ந்துகொள்ளும் ஐந்து சகோதரர்கள். ஒரு வழக்கில் ஒரே வீட்டார் ஐவர் வந்து ஒரே கதையைச் சொன்னால் நீதிபதி அதை ஐந்து வீட்டாரின் சாட்சியாகக் கொள்வாரா? ஆகவே 180ஐ வகுக்க வேண்டியது 60ஆலேயே. விகிதம் 3 ஆகிறது. நிகழ்தகவு நூற்றுக்குப் பத்து. பத்தாயிரத்தில் மூன்று என்று முழங்கிய முடிவு, அதே எண்களைக்கொண்டே, பத்தில் ஒன்று என்று பணிவாகப் பேசத் தொடங்கி விடுகிறது. கணினியோ இரண்டு விடைகளையும் ஒரே முகபாவத்தோடு அச்சிட்டுக் கொடுக்கும்; களத்தில் சீட்டு எதற்கு விழுந்தது என்பது அதற்குத் தெரியாது.

இந்தக் குற்றத்துக்கு ஸ்டூவர்ட் ஹேர்ல்பேர்ட் என்னும் அமெரிக்கச் சூழலியலாளர் 1984இல் போலிப் பிரதிசெய்கை என்ற பொருள்பட ஒரு பெயரிட்டார். 1960க்குப் பின் வெளிவந்த 176 சோதனை ஆய்வுகளை அவர் துருவிப் பார்த்ததில், நூற்றுக்கு 27 பங்கு இக்குற்றத்துக்கு ஆளாகியிருந்தன; புள்ளிவிபரச் சோதனை செய்தவற்றை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 48. கடலடி உயிரிகள் பற்றிய ஆய்வுகளிலும் சிறு பாலூட்டிகள் பற்றிய ஆய்வுகளிலும் இது மிகுந்திருந்தது. அக்கட்டுரையின் கடுமொழி பலரைப் புண்படுத்தியது என்பது மெய். சிலர் அதை இன்றும் எதிர்க்கின்றனர். ஒரே ஒரு ஏரியையோ ஒரே ஒரு காட்டையோ மட்டும் பெற்றவன் ஆராயவே கூடாதா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆராயலாம், ஒரு ஏரியைப் பற்றி எவ்வளவும் சொல்லலாம். ஏரிகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும்போதுதான் ஒரு ஏரியின் நூறு அளவீடுகள் ஓர் அளவீடாகச் சுருங்கிவிடுகின்றன. என் அபிப்பிராயத்தில் ஹேர்ல்பேர்ட் கடுமையாகப் பேசியதும் நன்றே. மெல்லச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் மாணவியின் விடைக்குத் திரும்புவோம். நூற்றுக்குப் பத்து என்ற நிகழ்தகவைக் கண்டு, குப்பையால் நண்டுகளுக்குப் பாதகமில்லை என்று எழுதிவிடுவாளாயின், முன்னவர் செய்த தவற்றுக்குச் சமமான தவற்றை எதிர்த்திசையில் செய்தவளாவாள். அந்த நிகழ்தகவு சொல்வது இவ்வளவே: மூன்று பரிகரிப்புகளுக்கும் உண்மையில் வேற்றுமை எதுவுமில்லை என்ற சூனியக் கருதுகோளை ஒப்புக்கொண்டால், மூன்று என்ற விகிதமோ அதனிலும் பெரியதோ பத்துத் தடவைக்கு ஒருதடவை தற்செயலாகவே நேரும். கருதுகோள் மெய்யாயிருப்பதன் நிகழ்தகவை அது சொல்லவில்லை; வேற்றுமையின் பருமனையும் சொல்லவில்லை. மொத்தச் சிதறலில் கால் பங்குக்குச் சிறிது குறைவாகப் பரிகரிப்போடு சேர்ந்து நிற்கிறது. அது அலட்சியப்படுத்தத் தக்க பங்கன்று. ஒன்பது படிகள் கொண்ட தராசு அதை உறுதியாக நிறுக்கப் போதவில்லை என்பதே நேர்மையான வியாக்கியானம். நட்சத்திரம் பூப்பதற்கு வைக்கும் இருபதில் ஒன்று என்ற எல்லையைப் பிஷர் ஒரு வசதியான அடையாளமாகக் குறிப்பிட்டாரேயன்றி, வேத வாக்காக விதித்துப் போகவில்லை. சராசரிகளையும், ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் அசையக்கூடும் என்ற எல்லைகளையும் எழுதி, சதுரச் சட்டத்துக்குள் எத்தனை வளைகள் குறைந்தன என்று நண்டின் பாஷையில் சொல்லுகிற ஆய்வே வாசகருக்கு உபகாரமானது.

பரிகரிப்பு ஒன்றல்ல, இரண்டு காரணிகளாயின், அட்டவணையில் இடைத்தாக்கம் என்று இன்னொரு வரி சேருகிறது. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் நடந்த ஒரு நல்ல ஆய்வு இதற்குத் துணையாகும். கரிபியன் பைன் மரங்களை நட்ட இடங்களில் நாட்டு மழைக்காட்டு மரங்களை மீண்டும் வளர்க்க, அந்தப் பைன்களையே செவிலித் தாயாக்க முடியுமா என்று மார்க் அஷ்டன், குணதிலக்க தம்பதியர் முதலானோர் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். நாக மரம், சிங்களத்தில் ஹொர எனப்படும் டிப்டரோகார்ப்பஸ், ஷோரியாவில் மூன்று இனங்கள் என ஐந்து வகைக் கன்றுகள். மேற்கவிகையில் பைன் வரிசைகளை வெவ்வேறு அளவில் அகற்றிய நிலைமைகள். மூன்று வரிசைகளை அகற்றி வெளிச்சம் விட்ட இடத்தில் கன்றுகள் செழித்தன. இத்தகைய ஆய்வை வாசிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த இனம் உயர்ந்தது, எவ்வளவு வெளிச்சம் உயர்ந்தது என்பதன்று. ஒவ்வொரு இனமும் வெளிச்சத்துக்கு ஒரே மாதிரி இணங்கியதா என்பது. ஓரினம் வெளிச்சத்தில் துள்ளி எழ, மற்றோரினம் நிழலிலும் அதே நடை நடக்குமானால், இரண்டையும் சேர்த்துச் சராசரி கண்டு ‘வெளிச்சத்தின் பலன்’ என்று ஒரே எண்ணைச் சொல்வது, மாமியாருக்கும் மருமகளுக்கும் பொதுவாக ஒரு சேலை எடுத்தது போலாகும். இடைத்தாக்க வரி கனமாயிருக்கும்போது, தனிக் காரணிகளின் வரிகளை அவற்றின் போக்கிலே வாசிக்கலாகாது.

ஆனால் இடைத்தாக்கத்திலும் ஒரு சூது உண்டு. எண்ணிக்கைகள் கூட்டலால் மாறுவதைவிடப் பெருக்கலால் மாறுவதே உயிருலகின் வழக்கம். செழிப்பான கரையில் குப்பை வந்ததும் 40 வளைகள் 20 ஆகின்றன. வறண்ட கரையில் 10 வளைகள் 5 ஆகின்றன. கழித்துப் பார்ப்பவருக்கு ஓரிடத்தில் இருபது போயிற்று, மற்றோரிடத்தில் ஐந்தே போயிற்று. ஆகவே இடைத்தாக்கம் இருக்கிறது. மடக்கை எடுத்துப் பார்ப்பவருக்கோ இரண்டிடத்திலும் பாதி போயிற்று, இடைத்தாக்கம் மறைந்துவிட்டது. எது உண்மை என்று கணிதத்திடம் கேட்டால் அது மௌனம் சாதிக்கும். இறப்பு விகிதத்தைக் கேட்கிறோமா, இறந்தவற்றின் தொகையைக் கேட்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அளவீடுகள் மணிவடிவப் பரம்பலைச் சாராவிட்டால் இந்த அட்டவணை செல்லுமா என்ற மற்றொரு பயத்தை, முன் சொன்ன ஈடனே ஃபிராங்க் யேட்ஸ் என்பவருடன் 1933இல் ஆராய்ந்தார். சாய்வான பரம்பலுடைய கோதுமை உயரங்களை எடுத்து, பரிகரிப்புகளின் பெயர்களைத் தொகுதிகளுக்குள் மீண்டும் மீண்டும் மாற்றிப் போட்டு, வரும் விகிதங்களின் பரம்பல் பிஷரின் கோட்பாட்டோடு ஒத்துப்போவதைக் கண்டார்கள். சீட்டுக் குலுக்கியே பரிகரிப்புகளை வழங்கியிருந்தால், அந்தக் குலுக்கலே சோதனைக்குப் பிரமாணமாகிறது.

குலுக்கலே சாத்தியமில்லாத இடத்தில் என்ன செய்வது? இக்கேள்வி நம் ஊர் வாசலுக்கே வந்தது. 2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பலில் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் சிலவற்றில் நைத்திரிக் அமிலமும் வேறு இரசாயனங்களும், கிட்டத்தட்ட 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். ஜூன் மாதத்தில் கப்பல் மூழ்கியது. மணிகள் சரக்குவ முதலிய கரைகளில் வெண்பனி பொழிந்தாற்போலக் குவிந்தன. மேற்குக் கரை நெடுகப் பரவின. ஆஷா டி வொஸ் முதலிய ஆய்வாளர், எரிந்த பிளாஸ்டிக்கும் எரியாத மணிகளும் வெவ்வேறு வடிவிலும் வெவ்வேறு இரசாயனக் கூறோடும் கரையொதுங்கியதை அதே ஆண்டில் ஆராய்ந்து எழுதினார்கள். ஆக, பரிகரிப்பு என்று நாம் ஒற்றைச் சொல்லால் அழைப்பது அங்கே ஒன்றாக இருக்கவில்லை. அதனிலும் பெரிய தடை, கப்பல் ஒன்றே என்பது. எந்தக் கரைக்கு நஞ்சு, எந்தக் கரைக்கு விலக்கு என்று யாரும் சீட்டுப் போடவில்லை.

இத்தகைய விபத்துகளுக்கு ரொஜர் கிரீன் 1979இல் வகுத்த வழி, தாக்கத்துக்கு முன்னும் பின்னும், தாக்குண்ட இடத்திலும் ஒப்பீட்டு இடத்திலும் அளப்பது. தாக்கத்தின் அடையாளம் இடம் என்ற வரியிலும் இல்லை, காலம் என்ற வரியிலும் இல்லை. இரண்டின் இடைத்தாக்க வரியிலேயே அது தங்குகிறது. ஆனால் இரண்டு கரைகள் எக்காரணத்தாலும் காலத்தோடு வெவ்வேறாக நடக்கக்கூடும் அல்லவா? ஆதலால் தாக்குண்ட இடம் ஒன்றே ஆனாலும் ஒப்பீட்டு இடங்கள் பல வேண்டும், முன்னும் பின்னும் அளக்கும் வேளைகளும் பல வேண்டும் என்று சிட்னியைச் சேர்ந்த அன்டர்வுட் 1990களில் வாதாடினார். தாக்குண்ட கரை நடந்துகொண்ட விதம், தாக்குறாத கரைகள் தமக்குள் வேறுபடும் அளவையும் மீறிச் செல்கிறதா என்பதே கேள்வி. அந்த வேறுபாட்டளவே இங்கே பிழை வரி.

இதை நம் தீவுக்குப் பொருத்திப் பார்த்தால் சங்கடம் விளங்கும். தீப்பற்றிய காலமோ மே மாதத்தின் இறுதி. தென்மேல் பருவக்காற்று எழும் வேளை. மேற்குக் கடல் கொந்தளித்து, மணலை அரித்து, கரையொதுங்குவன எல்லாம் இயல்பாகவே மாறும் பருவம் அது. ஏப்ரலில் எண்ணியதையும் ஜூலையில் எண்ணியதையும் மட்டும் ஒப்பிட்டால், கப்பலும் காற்றும் ஒரே வரியில் கலந்துவிடும். பிரிக்க ஒரு கணிதமும் இல்லை. அப்படியானால் கிழக்குக் கரையை ஒப்பீடாக வைக்கலாமே என்று தோன்றும். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கடல் கொந்தளிப்பது வடகீழ்ப் பருவத்தில். மேற்கே அலை எழும்போது அங்கே கடல் அடங்கியிருக்கும். நேரெதிரான நாட்குறிப்பு உடைய கரை, இந்தக் கரைக்கு ஒப்பாக நிற்க முடியாது. மேற்கிலேயே தொலைவான கரைகளைத் தேடினால், மணிகளும் நீரோட்டத்தோடு அங்கே வந்து சேர்ந்துவிட்டன. எஞ்சியுள்ள ஒரே நல்ல உபாயம், கப்பல் வருவதற்கு முன்னே பல வருடங்களாகப் பல கரைகளில் சலிக்காமல் எண்ணி வைத்திருப்பது; ஒவ்வொரு மே மாதத்திலும் இக்கரைகள் தமக்குள் எவ்வளவு மாறும் என்பதை அறிந்திருப்பது. தேயிலைத் துண்டங்களுக்கு உரமிடுமுன் ஈடன் நிறுத்து வைத்த கொழுந்துக் கணக்கு செய்த உபகாரத்தை, கடலுக்குச் செய்ய வேண்டிய கணக்கு இது. உரமிடும் நாளை ஈடன் தாமே குறித்தார். விபத்தின் நாளை யாரும் குறிப்பதில்லை.

நீதிமன்றங்கள் இவ்வளவும் முடியும்வரை காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் கூடாது. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பலின் உரிமையாளர் தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. எரிந்த மணிகளைக் கையில் அள்ளிப் பார்த்தவருக்கு, அவை எங்கிருந்து வந்தன என்று அறிய எந்த அட்டவணையும் வேண்டியதில்லை. காரணத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டும் சான்று வேறு, அக்காரணத்தால் ஓர் உயிரினத்தின் தொகை எவ்வளவு குன்றியது என்று அனுமானிக்கும் சான்று வேறு. அட்டவணை தேவைப்படுவது பின்னதற்கு. இரண்டையும் குழப்பி, நட்சத்திரம் பூக்கவில்லையென்றால் தீங்கும் நேரவில்லை என்று வாதாடும் வழக்கறிஞரும் உலகில் இருக்கிறார்கள். நட்சத்திரம் பூத்துவிட்டதென்றால் இனி வாதமே வேண்டாம் என்னும் ஆய்வாளரும் இருக்கிறார்கள். இருவருக்கும் மறுமொழி ஒன்றே: பிழை வரி எதை அளந்தது என்று முதலில் காட்டுங்கள்.

கண்டற் கரை மாணவிக்கு ஒன்று சொல்ல எஞ்சியுள்ளது. அவளுடைய அட்டவணையிலிருந்தே, துண்டத்துக்குத் துண்டம் உள்ள உண்மையான மாறற்றிறனைப் பிரித்தெடுக்கலாம்: 60இலிருந்து 12ஐக் கழித்து 5ஆல் வகுத்தால் 9.6. இதைக்கொண்டு அடுத்த பருவத்தின் திட்டத்தை இப்போதே நிறுத்துப் பார்க்கலாம். துண்டத்துக்கு 5 சட்டமாக 12 துண்டங்களில் எண்ணியபோது, ஒவ்வொரு பரிகரிப்பின் சராசரிக்கும் உரிய மாறற்றிறன் 60ஐ 20ஆல் வகுத்தது, அதாவது 3. அதே 60 சட்டங்களைத் துண்டத்துக்கு இரண்டாக 30 துண்டங்களில் பரப்பினால், துண்ட வரியின் எண் 12உடன் 19.2ஐக் கூட்டி 31.2 ஆகும், அதை 20ஆல் வகுத்தால் 1.56. பிழைக்குரிய படிகளும் ஒன்பதிலிருந்து இருபத்தேழாக உயரும். எண்ணும் வேலை ஒரு வளையும் கூடவில்லை. தராசின் நடுக்கம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கூடுவது நடையும் வள்ளக் கூலியும், முப்பது இடங்களில் குப்பை அள்ளும் முதுகு வலியும்தான். பன்னிரண்டு துண்டங்களில் சட்டம் வைத்து முடித்தவள் மாலை நான்கு மணிக்கு நீர்கொழும்பில் கொழும்பு பஸ் பிடித்துவிடுவாள். முப்பது துண்டங்களுக்குப் போகிறவள் மறுநாளும், அதற்கு மறுநாளும், முழங்கால் சேற்றில் இறங்கியாக வேண்டும்.